மடைக்கன்னிக்கு நாற்பத்தொரு வயது

கடம்பன்குளத்துக் கரையிலிருந்து அந்தப் பெண் எழுந்து வந்தது புரட்டாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு, நூறுநாள் வேலைப் பெண்கள் டீ குடித்து முடித்துச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பவும் மண்வெட்டியைக் கையில் எடுத்த நேரத்தில். கரையின் வடபுறத்தில் எருக்கஞ்செடியை வேரோடு எடுக்கக் குனிந்த செல்லக்கனியின் மண்வெட்டி அரையடி உள்ளே இறங்கியதும், “மெதுவா, மெதுவா, அங்க என் காலு இருக்கு” என்று மண்ணுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. செல்லக்கனி மண்வெட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் அள்ளத் தொடங்கினாள், மற்றவர்களும் வந்து அள்ளினார்கள், பள்ளம் இடுப்பளவு ஆனதும் உள்ளே கிடந்தவள் ஒரு கையை நீட்டினாள், படிக்கட்டு உயரமான பஸ்ஸில் ஏறுகிறவளுக்குக் கை கொடுப்பதுபோல இரண்டு பேர் கை கொடுத்து அவளை மேலே இழுத்துவிட்டார்கள்.

அவள் தலைமயிரை உதறினாள், காதுக்குள் போயிருந்த மண்ணைச் சுண்டுவிரலால் எடுத்தாள், பிறகு குளத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, “தண்ணி எத்தனை முழம் நிக்கி?” என்று கேட்டாள்.

யாருக்கும் தெரியவில்லை.

“குளத்துக்குக் கீழ குடியிருக்கிய. தண்ணி எவ்வளவு நிக்கின்னு தெரியாமலா தூங்குதிய?”

அவள் பேசிய தமிழ் கொஞ்சம் பழையதாக இருந்தது, ஆனால் தெற்கே நாலு ஊர் தள்ளிக் கட்டிக்கொடுத்த பெண் பேசுவதுபோலத்தான், புரியாமல் போகவில்லை.

அந்த வேலைக்குப் பொறுப்பாளர் ஆவுடைத்தங்கம். முப்பத்தெட்டு வயது, பத்தாம் வகுப்புப் படிப்பு, புருஷன் கேரளாவில் லாரி ஓட்டுகிறான். வேலைக்கு வந்தவர்களின் பெயரை நோட்டில் எழுதி, எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்து அனுப்புவது அவள் வேலை. அன்றைக்கு நோட்டில் இருபத்தாறு பெயர், போட்டோவில் இருபத்தேழு தலை. ஒன்றிய அலுவலகத்திலிருந்து உடனே போன் வந்தது.

“கூட நிக்கது யாரும்மா?”

“குளம் வெட்டினவங்கன்னு சொல்லுதாங்க சார்.”

“அவங்களுக்கு வேலை அட்டை இருக்கா?”

“இல்ல சார். இப்பத்தான் வெளிய வந்திருக்காங்க.”

“அப்ப அவங்களக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லிட்டு இன்னொரு போட்டோ எடுத்து அனுப்புங்க.”

அவளும் தள்ளி நின்றாள். பெயர் கேட்டதற்கு அரியநாச்சி என்றாள். இந்தக் குளத்தை நான்தான் வெட்டினேன் என்பதை, இந்த வீட்டில் நான்தான் குடியிருக்கிறேன் என்று சொல்கிற மாதிரி முன்னமே சொல்லியிருந்தாள்.

இங்கே அந்த ஊரின் பாட்டைச் சொல்லியாக வேண்டும். கடம்பன்குளத்தார் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த பாட்டு அது. முன்னொரு காலத்தில் மன்னன் ஒருவன் குளம் வெட்டினான், கட்டக் கட்டக் கரை உடைந்தது, கன்னி ஒருத்தியை உயிரோடு கரைக்குள் வைத்தால்தான் நிற்கும் என்று குறி சொன்னார்கள், பதினாறு வயதுப் பெண் ஒருத்தி கண்ணீர் மார்பை நனைக்கக் குனிந்த தலை நிமிராமல் நடந்து போய்க் குழிக்குள் படுத்தாள், கரை நின்றது. அவள் மடைக்கன்னி. அவளுக்குக் கரையின் தென்புறத்தில் பீடம், சிமெண்டு மண்டபம், ஐப்பசிக் கடைசி வெள்ளியில் கொடைத் திருவிழா. கொடையன்று வயதுக்கு வராத ஒரு சிறுமியைப் பட்டுக் கட்டிக் கூட்டி வந்து, பீடத்துக்கு முன்னால் குழிவெட்டிப் படுக்கவைத்து, மேலே பலகை போட்டு, பலகைமேல் மண்ணைத் தள்ளி, பாட்டு முழுசும் பாடி முடிந்த பிறகு தூக்குவார்கள். பாட்டு பன்னிரண்டு நிமிஷம் ஓடும். தூக்கிவிட்ட சிறுமியின் காலில் ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் விழுவார்கள்.

ஆவுடைத்தங்கம் பதினோரு வயதில் அந்தக் குழிக்குள் படுத்தவள். பலகைமேல் முதல் கூடை மண் விழுந்த சத்தமும், பலகை இடுக்கில் உதிர்ந்து கண்ணில் விழுந்த மண்ணும், வெளியே அத்தனை பேர் தனக்காக அழுதுகொண்டே பாடியதும் அவளுக்கு மறந்ததில்லை. அதற்குப் பிறகு அவளால் கதவைச் சாத்திக்கொண்டு குளிக்க முடியாது, லிப்டில் ஏற முடியாது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் அது பெருமை. இந்த வருஷம் அவள் மகள் இசக்கிப்ரியாவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், அதுவும் பெருமை, வேண்டாம் என்று சொல்ல அந்த ஊரில் இதுவரை ஒரு தாய்க்கும் வாய் வந்ததில்லை.

மண்ணிலிருந்து வந்தவளைக் குளிக்கவைத்துச் சோறு போட ஆவுடைத்தங்கம்தான் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அதற்குள் பூசாரி மந்திரமூர்த்தி தட்டும் சூடமுமாக வந்துவிட்டார். வாசலில் நின்று பார்த்தார், உள்ளே இருந்தவளுக்குப் பலத்த தோள், முன்மயிர் நரைத்திருந்தது, கீழ்வரிசையில் ஒரு பல் இல்லை, மூன்றாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நீங்க மடைக்கன்னிதானா?” என்றார்.

“மடை வெச்சவ நான்தான். கன்னின்னா எப்படி? எனக்கு மூணு பிள்ளைங்க.”

பூசாரி சூடத்தை ஏற்றலாமா வேண்டாமா என்று யோசித்து, ஏற்றினார். புகை பட்டு அவள் இருமினாள்.

ஒரு வாரம் கூட்டம் வந்தது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வேனிலும் ஆட்டோவிலும் வந்தார்கள், பூவும் மஞ்சளும் வளையலும் கொண்டுவந்தார்கள், பதினாறு வயது வளையல் என்பதால் எதுவும் அவள் கையில் ஏறவில்லை. அழுதுகொண்டு வந்தவர்கள் அவள் அழாமல் இருப்பதைப் பார்த்துக் கொஞ்சநேரம் சங்கடப்பட்டுவிட்டு அழுகையை நிறுத்திக்கொண்டார்கள். வரம் கேட்டவர்களிடம் அவள் வயல் எந்தப் பக்கம், தண்ணீர் எந்த வாய்க்காலில் வருகிறது, வடிகால் இருக்கிறதா என்று கேட்டாள். கிராம நிர்வாக அலுவலர் ஜெபராணி வந்து ஆதார் எடுக்க முயன்றாள், விரல் ரேகை பதிந்தது, பிறந்த தேதிக்கான கட்டம் அவ்வளவு பழைய வருஷத்தை ஏற்கவில்லை. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போன ஜெபராணி, அடுத்த நாள் கிராம வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தானாகவே திரும்ப வந்து, அதைத் தரையில் விரித்துவைத்து அரியநாச்சியோடு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது வாரம் வேன்கள் நின்றன. ஊர் அவளுக்குப் பழகிவிட்டது. காலையில் பால் வாங்கப் போகிறவர்கள், “என்னம்மா, எந்திச்சாச்சா?” என்று கேட்டுக்கொண்டு போனார்கள், அவளும், “எழுநூறு வருசம் கழிச்சு எந்திச்சாச்சு” என்று ஒவ்வொரு நாளும் சிரிக்காமல் பதில் சொன்னாள்.

அவள் தினமும் கரையில் நடந்தாள். ஆவுடைத்தங்கமும் கூட நடந்தாள். ஒருநாள் அரியநாச்சி மண்டபத்துக்கு முன்னால் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“இங்க ஒரு மறுகால் வெச்சேனே, எங்க?”

குளம் நிறைந்து மிஞ்சுகிற தண்ணீர் கரையை உடைக்காமல் வழிந்து போகக் கல்லால் கட்டிவைக்கிற வாசல்தான் மறுகால். கடம்பன்குளத்துக்கு வடக்கே ஒன்றுதான் உண்டு என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

“இங்கயா? இது பீடம்லா அக்கா.”

“கீழ கல்லு இருக்கு. ரெண்டு பக்கமும் கல்லுச் சுவரு, நடுவுல கல்லுத் தளம், இருபது முழ அகலம். யாரோ மண்ணப் போட்டு நிரப்பி, மேல என்னைய உக்கார வெச்சிருக்காங்க. பெருமழை வந்தா வடக்கு மறுகால் ஒண்ணு பத்தாது. அது தெரிஞ்சுதான் ரெண்டு வெச்சேன்.”

அவள் கரையிலிருந்து கீழே கையைக் காட்டினாள். மறுகாலிலிருந்து ஆற்றுக்குப் போகிற பழைய ஓடை இருந்த இடத்தில் வாழைத்தோட்டம் நின்றது. அது கொடைக் கமிட்டித் தலைவர் சொர்ணப்பாண்டியின் வாழை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் ஊர் கூடியது. அரியநாச்சிக்கு நாற்காலி போட்டார்கள். சொர்ணப்பாண்டி கெட்ட மனிதர் இல்லை, யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் முதலில் வந்து கடைசியில் போகிறவர். கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகவே கேட்டார்.

“அம்மா, நீங்க பதினாறு வயசுல அழுதுகிட்டே போய்க் குழியில படுத்ததாத்தான் எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துலேருந்து பாடுதோம். இப்ப நீங்களே வந்து அப்படி இல்லன்னா எப்படி? பாட்டு பொய் சொல்லுமா?”

“பாட்டு சொன்னதெல்லாம் எனக்குக் கேட்டுக்கிட்டேதான் கெடந்துது” என்றாள் அரியநாச்சி. “முதல்ல ஒரு அம்பது வருசம், அரியநாச்சி வெட்டின குளம்னு என் பேரச் சொல்லித்தான் பாடினாங்க. நாத்து நடுத பொம்பளைங்க பாட்டு அது. எத்தனை மடை, எத்தனை முழம், எல்லாம் அதுல இருந்துது. அப்புறம் அரண்மனைலேருந்து ஒரு புலவர் வந்தாரு. பொம்பளை குளம் வெட்டினான்னா ராசாவுக்கு எங்க இடம்? வெட்டினவன் ராசா, நான் அவனுக்கு யோசனை சொன்ன ஒருத்தின்னு ஆக்கினாரு. நூறு வருசம் போச்சு. அடுத்து வந்தவருக்குக் கண்ணீர் வேணும். என்னைய இருபது வயசாக்கிக் குழிக்குள்ள தள்ளினாரு. அதுக்கடுத்தவரு பதினாறாக்கினாரு. ஒவ்வொரு தடவையும் என் வயசு கொறைஞ்சுது, வயசோட வேலையும் கொறைஞ்சுது. கடைசில நான் செஞ்ச வேலைன்னு அழுகை ஒண்ணுதான் மிச்சம்.”



“அப்ப நீங்க எப்படிச் செத்திய?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

“காய்ச்சல்ல. குளம் முடிஞ்சு ஒம்பது வருசம் கழிச்சு, நாப்பத்தோரு வயசுல. தண்ணிச் சத்தம் கேக்குத இடத்துல என்னைய வைங்கன்னு நான்தான் கேட்டேன்.”

சொர்ணப்பாண்டி நெற்றியைத் தடவினார். அவருக்கு அது பிடித்திருந்ததா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில், “நீங்க சொல்லுதது நிசமாவே இருக்கட்டும்மா. ஆனா கொடை கொடைதான். பீடத்த இடிக்க ஊர் ஒத்துக்காது” என்றார். ஆண்கள் தலையாட்டினார்கள். பெண்கள் தலையாட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. வாழைத்தோட்டத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. நின்று பெய்கிற மழை, ஊர் மறந்தே போயிருந்த மழை, ஆட்டுக்குத் தழை ஒடிக்க வெளியே போக முடியாத மழை. மூன்றாம் நாள் வடக்கு மறுகால் இரண்டடி உயரத்துக்குப் பாய்ந்தது, நாலாம் நாள் தண்ணீர் கரையின் தலைக்கு ஒரு முழம் கீழே நின்றது. ஐந்தாம் நாள் பகல் ஒரு மணிக்குக் கரையின் நடுவில் கீழ்ப்பக்கத்தில் ஓர் இடம் கசியத் தொடங்கியது. அரியநாச்சி அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தாள், கலங்கலாக இருந்தது.

“மண்ணு கரையுது. பொழுது சாயுத வரைக்கும்கூடத் தாங்காது.”

ஊரே கரைக்கு வந்தது. மந்திரமூர்த்தி பீடத்துக்கு முன்னால் நனைந்தபடி நின்று, கொடை வரைக்கும் காத்திருக்கக் கூடாது, இப்பவே பிள்ளையைக் குழியில் வைத்துப் பாட வேண்டும், கன்னி கோபமாக இருக்கிறாள் என்றார். கன்னி அவருக்குப் பத்தடி தள்ளி உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றாள், அவர் அவளைப் பார்க்காமலே சொன்னார். நாலு பேர் குழியை வெட்டினார்கள். இசக்கிப்ரியாவுக்கு யாரோ ஈரப் பட்டுத் துணியைச் சுற்றிவிட்டார்கள். குழந்தை அம்மாவைப் பார்த்தது. அழவில்லை, உதடு மட்டும் வெளுத்திருந்தது.

ஆவுடைத்தங்கம் அந்த உதட்டைப் பார்த்தாள். இருபத்தேழு வருஷம் முன்னால் தன்னுடைய உதடும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது, அதை ஒருவர்கூடப் பார்த்திருக்கவில்லை, எல்லாரும் காலைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

“என் பிள்ளை படுக்க மாட்டா” என்றாள்.

“ஏளா, என்ன பேசுத? ஊரு முங்கப் போவுது” என்று சொர்ணப்பாண்டி சத்தம் போட்டார்.

“முங்கக் கூடாதுன்னுதான் மாமா சொல்லுதேன். குழிதானே வேணும்? நான் இறங்குதேன்.”

குழி வெட்டியவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு அவள் உள்ளே குதித்தாள். படுக்கவில்லை. கால் இரண்டையும் அகட்டி வைத்து, மண்வெட்டியை ஓங்கிக் குழியின் அடியை வெட்டினாள். மண்ணின் ஈர வாசனை அவள் மூக்கில் ஏறியது, மூச்சு அடைத்தது, இருட்டிக்கொண்டு வந்தது, ஒரு நொடி வெளியே பாய்ந்து ஓடிவிடலாம் என்றிருந்தது. வெட்டினாள். இன்னொரு வெட்டு. எட்டாவது வெட்டில் மண்வெட்டி கல்லில் பட்டுக் கணீர் என்றது, அந்தச் சத்தம் மழையைத் தாண்டிக் கரையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

முதலில் வந்தது சொர்ணப்பாண்டியின் மனைவி கனியம்மாதான். ஐம்பத்தைந்து வயது, மூட்டுவலி. புருஷன் கையைத் தள்ளிவிட்டு அவள் குழிக்குள் இறங்கினாள்.

“நீ எங்கட்டி போற? கீழ நம்ம வாழை நிக்கி!”

“பத்து வயசுல என்னைய இதுக்குள்ள வெச்சாங்க. அன்னைலேருந்து இது உள்ள என்னதான் இருக்குன்னு பாக்கணும்னு கெடக்கேன்” என்றாள் கனியம்மா. “வாழை அடுத்த வருசமும் வெக்கலாம்.”

அந்த ஊரில் அந்தக் குழிக்குள் படுத்து எழுந்த பெண்கள் நாற்பத்துமூன்று பேர் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் வருஷத்துக்கு ஒருவராகப் படுத்தவர்கள், ஒருவருக்கொருவர் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொள்ளாதவர்கள், ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் பயமாக இருந்தது என்று நினைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள். அவர்களில் முப்பத்தொன்பது பேர் அன்றைக்குக் கரையில் இருந்தார்கள். மண்வெட்டி இருந்தவள் மண்வெட்டியோடு, இல்லாதவள் அன்னக்கூடையோடு, எதுவும் கிடைக்காதவள் வீட்டுக் கதவை மறித்து வைக்கிற கம்பியோடு இறங்கினாள். அவர்கள் பின்னால் மற்ற நூறுநாள் வேலைக்காரிகள், அவர்கள் பின்னால் மெல்ல மெல்ல ஆண்கள். அரியநாச்சி மேலே நின்று, இடப்பக்கம் ரெண்டு முழம், அங்க போதும், சுவரைத் தொடாதே, தண்ணிப் பக்கத்து மண்ணைக் கடைசியா எடுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சிமெண்டு மண்டபத்தைக் கடப்பாரை போட்டுச் சரித்தார்கள். பீடத்தை மந்திரமூர்த்தியே இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு தூக்கிக் கரையோரத்தில் வைத்தார்.

மூன்றரை மணிக்கு இரண்டு கல்சுவர்களும் தெரிந்தன. நாலரைக்குக் கடைசி மண்ணை வெட்டிவிட்டு எல்லாரும் இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டார்கள். தண்ணீர் முதலில் ஒரு நாக்குபோல நீண்டு கல்தளத்தை நக்கிப் பார்த்தது, பிறகு இருபது முழ அகலத்துக்கும் பரந்து, வழுவழுவென்று, யாரையும் அவசரப்படுத்தாமல், தன் பழைய வழி தனக்குத் தெரியும் என்பதுபோல இறங்கிப் போனது. சொர்ணப்பாண்டியின் வாழைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. ஆறு மணிக்குள் குளம் அரை முழம் இறங்கியது, கசிவு தெளிந்தது, பிறகு நின்றது. ஊரில் ஒரு வீடுகூட நனையவில்லை.

கனியம்மா கல்தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, “எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சுட்டி” என்றாள்.

“எனக்கும் அத்தை” என்றாள் ஆவுடைத்தங்கம்.

“எனக்கும்” என்றாள் செல்லக்கனி. அப்படியே வரிசையாக முப்பத்தொன்பது பேரும் சொன்னார்கள், சொல்லச் சொல்லச் சிரிப்பு வந்தது, கடைசியில் யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

அதற்குப் பிறகும் ஊர் ஒரே மனதாக ஆகிவிடவில்லை. கொடை நடந்தது, குழி இல்லாமல் நடந்தது, ஏனென்றால் குழி இருந்த இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டில் கண்ணீரை எடுத்துவிட்டு முழக்கணக்கைச் சேர்ப்பதா என்று பாட்டுக்காரர்கள் முறைத்துக்கொண்டார்கள், இருபது முழம் என்பது தாளத்துக்கு வரவில்லை என்றார்கள், செல்லக்கனியும் நாற்று நடுகிற பெண்களும் அதை ஒரே காலையில் தாளத்துக்குக் கொண்டுவந்தார்கள். சிலருக்கு அழுகிற கன்னிதான் வேண்டியிருந்தது, அவர்கள் வீட்டில் பழைய படத்துக்கு மாலை போட்டுக்கொண்டார்கள், யாரும் தடுக்கவில்லை. சொர்ணப்பாண்டி ஒரு மாதம் மனைவியோடு பேசவில்லை. பிறகு, ஓடைக்கு இந்தப் பக்கம் வாழையா அந்தப் பக்கம் வாழையா என்று அவளைக் கேட்டுத்தான் நட்டார்.

தை மாதம் ஜெபராணி இன்னொரு வரைபடத்தோடு வந்தாள், பக்கத்துத் தாலுகா வரைபடம். அரியநாச்சி விரலை வைத்து ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டே வந்தாள். கிழக்கே ஓர் ஊரில் விரல் நின்றது.

“இங்க கோட்டை ஒண்ணு இருந்துதே?”

“இப்ப இல்லம்மா. கோட்டைமேட்டுல தீப்பாய்ஞ்சாள்னு ஒரு சாமி இருக்கு” என்றாள் ஜெபராணி. “புருசன் செத்த துக்கம் தாங்காம தீயில பாய்ஞ்ச பொண்ணு. பாட்டுகூட உண்டு, கேட்டா அழுகையா வரும்.”

“பேரு?”

“பேரு தெரியல.”

“ஒச்சாயி” என்றாள் அரியநாச்சி. வரைபடத்தைப் பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்தாள். “அவ எங்க தீயில பாய்ஞ்சா? தீயை வெச்சவளே அவதான். சிறைக்குள்ள நூறு பேரப் போட்டு அடைச்சு வெச்சிருந்தாங்க. கோட்டைக் கதவக் கொளுத்திட்டு அத்தனை பேரையும் வெளிய கூட்டியாந்தா. அப்ப அவளுக்கு அம்பத்திரெண்டு வயசு.”

ஆவுடைத்தங்கம் உள்ளே போய் மகளிடம் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னாள், மாற்றுச் சேலையை எடுத்து வைத்தாள், கொல்லையில் சாத்தியிருந்த இரண்டு மண்வெட்டிகளை எடுத்துக் கழுவிச் சாக்கில் சுற்றினாள்.

மறுநாள் காலை ஏழு பத்துக்குக் கிழக்கே போகிற டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்டக்டர் இலவச டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, “எத்தனை பேரும்மா?” என்றார்.

“போறதுக்கு ரெண்டு பேரு” என்றாள் அரியநாச்சியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆவுடைத்தங்கம். “வாறப்ப எத்தனை பேருன்னு இப்பச் சொல்ல முடியாதுண்ணே.”